எல்லைக்கல் ஊரும் மலைமேல் வெந்நீரும்

பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி மதில் சூழ்ந்த ஒரு சிறிய ஊர் மருத்துவக் குளியலுக்குப் பெயர் பெற்றிருக்கிறதாமே, படைவீரர்கள் காவல் காத்த கோட்டை ஊர் எப்படி நோயாளிகள் போய்த் தங்கும் ஊராக மாறியது, அங்கே போவதால் உண்மையில் பயன் உண்டா என்பதுதான் கேள்வி. கேட்டவர் குறிப்பிடுவது பிராட்ஸ்-டெ-மோலோ-லா-பிரெஸ்ட் என்ற ஊரை. அதன் வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கோட்டையின் காலம் முடிந்து குளியலின் காலம் தொடங்கியது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால், அந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி விடுபட்டுப் போகும்.

முதலில் இடத்தை மனத்தில் வரைந்துகொள்வோம். பெர்பினியான் நகரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், தெக் என்ற ஆறு பாயும் வலெஸ்பீர் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 740 மீட்டர் உயரத்தில் இந்த ஊர் இருக்கிறது. வடக்கே கனிகு மலை 2,784 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. மேற்கே கோஸ்டபோன் சிகரம். தெற்கே 1,513 மீட்டர் உயரத்தில் உள்ள ஆரெஸ் கணவாயைத் தாண்டினால் ஸ்பெயின் வந்துவிடும். கோர்சிகா தீவை விட்டுவிட்டால், பக்கத்து ஊரான லமனேர்தான் பிரான்சின் ஐரோப்பிய நிலப்பரப்பில் மிகத் தெற்கே உள்ள ஊராட்சி. இன்று பிராட்ஸில் நிலையாக வாழ்பவர்கள் ஆயிரத்தைச் சற்றே தாண்டுவார்கள், அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. இது கத்தலான் மொழி பேசும் நிலம். அந்த மொழியில் 'பிராட்ஸ்' என்றால் புல்வெளிகள். 'மோலோ' என்று பிரெஞ்சுக்காரர்கள் உச்சரிக்கும் சொல்லுக்கு எல்லைக்கல் என்று பொருள். கணவாய்க்கு அப்பால் ஸ்பெயினில் மோலோ என்ற பெயரிலேயே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. இரு நாடுகளையும் பிரிக்கும் கோடு வரையப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தப் பெயர் வழங்கிவந்தது. அக்காலத்தில் மலையின் இரு பக்கமும் ஒரே மொழி, ஒரே ஆட்சி, ஒரே மேய்ச்சல் நிலம், ஒரே உறவுமுறை என்றுதான் இருந்தன.

அந்தக் கோடு 1659-இல் வந்தது. பிரான்சும் ஸ்பெயினும் நெடுங்காலப் போரை முடித்துக்கொண்டு, அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று பிரனீஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ரூசியோன், வலெஸ்பீர், கோன்பிளான் முதலிய வடகத்தலான் நிலங்கள் அதன்படி பிரான்சின் பதினான்காம் லூயி மன்னனின் கைக்கு மாறின. பழைய உரிமைகளைக் காப்பதாக வாக்களித்துப் பொறுப்பேற்ற புதிய அரசு, இரண்டே ஆண்டுகளில், 1661-இல், 'கபெல்' எனப்படும் உப்பு வரியைக் கொண்டுவந்தது. ஆடுமாடுகளுக்கு உப்பு கொடுத்தாக வேண்டிய, குளிர்காலத்துக்கென இறைச்சியை உப்பிட்டு வைத்தாக வேண்டிய மலைநாட்டில் உப்பு வரி என்பது நேராக அடுப்படிக்குள் கை வைப்பதாகும். அதிலும் அந்த வரி அவர்களுடைய பழைய ஆட்சியில் 13-ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே நீக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 370 ஆண்டுகளாக இல்லாதிருந்த சுமையைப் புதிய எசமானர் மீண்டும் தலையில் ஏற்றினார்.

விளைவு கலகம். கலகக்காரர்களை 'அஞ்சலெட்ஸ்' என்று அழைத்தார்கள். அவர்களுடைய தலைவர் ஜோசெப் டெ லா டிரின்ஷெரியா பிராட்ஸ்-டெ-மோலோவிலேயே பிறந்தவர். மலைப்பாதைகள் ஒவ்வொன்றையும் அறிந்த அந்தச் சிறு கூட்டம் வரி அதிகாரிகளையும் அரசுப் படையையும் பல ஆண்டுகள் திணறடித்தது. ஒரு கட்டத்தில் அரசே இறங்கிவந்து சமரசம் பேசியது. அந்தச் சமரசம் நிலைக்கவில்லை. 1670-இல் பெரும்படை வந்து கலகத்தின் முதுகெலும்பை முறித்தது. டிரின்ஷெரியா எல்லைக்கு அப்பால் போய், ஸ்பெயின் பக்கமிருந்து சண்டையைத் தொடர்ந்தார்.

ஊருக்கு மேலே குன்றின் உச்சியில் நிற்கும் லகார்ட் கோட்டையை இந்தப் பின்னணியோடுதான் பார்க்க வேண்டும். மன்னனின் தலைமைக் கோட்டைப் பொறியாளர் வோபான் 1679-இல் இப்பகுதிக்கு வந்து எல்லை முழுவதையும் பார்வையிட்டார். பழைய காவல் கோபுரம் ஒன்றைச் சுற்றி, அவர் வகுத்த திட்டப்படி, 1680-களில் இந்தக் கோட்டை எழுந்தது. கணவாய் வழியே வரக்கூடிய ஸ்பெயின் படையைத் தடுப்பது அதன் ஒரு நோக்கம். ஆனால் கோட்டை மதிலருகே நின்று கீழே பார்த்தால், பீரங்கிக்கு எதிரே கணவாய் இருப்பதைவிட ஊர்க் கூரைகள் இருப்பதுதான் முதலில் கண்ணில் படும். ஊரைக் காக்கும் கோட்டையே ஊரைக் கண்காணிக்கும் கோட்டையாகவும் இருந்தது என்பது என் கருத்து. உப்புக் கலகம் அடங்கிப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகாத ஊரில் வேறு எப்படி எண்ண முடியும்?

இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு தொடர்பைச் சொல்லத் தோன்றுகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் பிரான்சுவா மார்ட்டின் காலத்தில் கட்டப்பட்டு 1706-இல் நிறைவுற்ற லூயி கோட்டையும் தூர்னே நகரில் வோபான் கையாண்ட அமைப்பைப் பின்பற்றியதே. 1761-இல் ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்; இன்று பாரதி பூங்கா இருக்கும் பகுதியில் அதன் தடயம்கூட இல்லை. வோபான் முறைக் கோட்டை எப்படி நிலத்தோடு ஒட்டி, கூர்முனைக் கொத்தளங்களோடு அமையும் என்று பார்க்க விரும்பும் புதுச்சேரிக்காரர்களுக்கு லகார்ட் ஒரு நல்ல பாடம். 2008-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த 12 வோபான் தலங்களில் இது இடம்பெறவில்லை. இதே மாவட்டத்தைச் சேர்ந்த வில்பிராஞ்ச்-டெ-கோன்பிளானும் மோன்-லூயியும் அதில் உள்ளன. அந்த இரண்டிலும் கூடும் கூட்டம் இங்கே கூடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழே, ஊர் இன்னும் மதிலுக்குள்தான் இருக்கிறது. பிரான்ஸ் வாசல், ஸ்பெயின் வாசல் என்று வாயில்களுக்கே நாடுகளின் பெயர். உள்ளே ஏற்றமும் இறக்கமுமான கல் பாவிய குறுகிய தெருக்கள். ஊர்த் தேவாலயம் செவில் நகரத்துக் குயவர் குலப் பெண்களான ஜுஸ்தா, ரூபினா என்ற இரு புனிதைகளின் பெயரில் அமைந்தது. அதன் மணிக்கோபுரம் உச்சியில் போர்க்கோட்டையைப் போலவே பல்வரிசை மதிலோடு நிற்கிறது. அத்தேவாலயச் சுவரில் ஒரு திமிங்கில விலா எலும்பு பொருத்தப்பட்டிருக்கும். கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், மலை நடுவே அதைப் பார்ப்பது வியப்பாகவே இருக்கும்.

இனி வெந்நீருக்கு வருவோம். பலரும் தவறாக நினைத்துக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. ஊற்று மதிலுக்குள் இல்லை. ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் மேலே, ஆறு குடைந்த இடுக்கில், சாலை முடிகிற இடத்தில், 1,130 மீட்டர் உயரத்தில் லா பிரெஸ்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கேதான் ஏறத்தாழ 44 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கந்தக நீர் வெளிவருகிறது. மலைமேல் பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறைப் பிளவுகளில் மெல்ல இறங்குகின்றன. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் சுமார் 30 பாகை கூடுகிறது என்பதால், 44 பாகை நீர் குறைந்தது ஒரு கிலோமீட்டருக்குமேல் கீழே போய் வந்திருக்க வேண்டும். போகிற வழியில் பாறையிலிருந்து சோடியம், சிலிக்கா, புளூரைடு ஆகியவற்றைச் சிறிதளவு கரைத்துக்கொண்டு, ஆக்சிசன் இல்லாத ஆழத்தில் கந்தகச் சேர்மங்களையும் ஏற்றுக்கொண்டு, பெரும்பிளவு ஒன்று கிடைத்ததும் விரைவாக மேலேறிவிடுகிறது. பிரனீஸ் மலையின் கந்தக ஊற்றுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. காரத்தன்மை உடையவை, உப்புச் சுமை குறைந்தவை, தொட்டால் வழுவழுப்பானவை. ஊற்றுவாயில் வெண்ணிறக் கூழ்போலப் படியும் ஒரு பொருளைப் 'பரெஜின்' என்பார்கள். கந்தகத்தைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது அது. அருவருப்பாகத் தோன்றினாலும், சிகிச்சையாளர்கள் அதை ஊற்றின் செல்வமாகவே கருதுகிறார்கள்.

இந்த ஊற்றைப் பற்றி உள்ளூர் இடையர்களுக்கும் மடாலயத்தாருக்கும் நெடுங்காலமாகத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பதும் வந்துசேர முடிவதும் வேறுவேறு. பிராட்ஸிலிருந்து கீழே 24 கிலோமீட்டர் தொலைவில் அதே ஆற்றங்கரையில் இருக்கும் அமெலி-லே-பேனை ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். அங்கும் கந்தக வெந்நீர். அங்கும் ஊருக்கு மேலே ஒரு கோட்டை. ஆனால் அது தாழ்ந்த, இளவெப்பமான, வண்டிப்பாதை எளிதில் எட்டும் இடம். 1840-இல் அரசி மரி-அமெலியின் பெயரைச் சூட்டிக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரிய இராணுவ மருத்துவமனையையும் பெற்றது. குளிர்காலத்திலும் நோயாளிகள் தங்கும் நகரமாக வளர்ந்தது. லா பிரெஸ்டோ மலை இடுக்கில், பனிக்காலம் முழுவதும் அடைபட்டுக் கிடந்தது. நல்ல சாலை இல்லாதவரை அங்கே போனவர்கள் வேறு வழியற்ற நோயாளிகளும் மலைமக்களும்தான்.

எல்லைக்கோடோ இந்த ஊரை அமைதியாக விடவில்லை. 1793-இல் ஸ்பெயின் படை வலெஸ்பீர் முழுவதையும் பிடித்து, மறு ஆண்டு வரை வைத்திருந்தது. 1926 நவம்பரில் இன்னொரு வகையான படை இங்கே திரண்டது. ஸ்பெயினில் பிரீமோ டெ ரிவேராவின் சர்வாதிகாரத்தைக் கவிழ்க்க எண்ணிய கத்தலான் தலைவர் பிரான்செஸ்க் மசியா, தன் தொண்டர்களோடு இந்த ஊரில் ஒரு மாளிகையைத் தலைமையகமாக வைத்துக்கொண்டு எல்லை தாண்டத் திட்டமிட்டார். உள்ளிருந்த ஒற்றர் காட்டிக்கொடுத்ததால் பிரெஞ்சுக் காவலர்கள் அவர்கள் கிளம்புமுன்பே கைதுசெய்தார்கள். 1927 சனவரியில் பாரிசில் நடந்த விசாரணை, அதுவரை வெளியுலகம் அதிகம் அறியாத கத்தலான் கோரிக்கையைச் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. தோல்வியுற்ற அந்த மனிதர்தான் 1931-இல் கத்தலோனியாவின் தன்னாட்சி அரசுத் தலைவரானார்.

பிறகு 1939. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் பார்சிலோனா வீழ்ந்ததும், சனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் ஏறக்குறைய ஐந்து லட்சம் மக்கள் பிரான்சுக்குள் நடந்து வந்தார்கள். ஆரெஸ் கணவாய் அவர்களுடைய வழிகளில் ஒன்று. பனி மூடிய கணவாயில் குழந்தைகளைச் சுமந்து, காயமுற்றவர்களைத் தாங்கி இறங்கிய மக்களுக்கு, மதிலைச் சுற்றிய வயல்களில் கூரையில்லாத முகாம்கள்தான் கிடைத்தன. சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஓர் ஊரைச் சுற்றிப் பல்லாயிரம் பேர் வாரக்கணக்கில் குளிரில் கிடந்தார்கள். இந்த ஊருக்குப் போகிறவர்கள் வெந்நீருக்காகப் போனாலும் சரி, கோட்டைக்காகப் போனாலும் சரி, அந்த வயல்களின் ஓரம் ஒருமுறை நின்றுவர வேண்டும் என்று விரும்புகிறேன். போரால் ஊரைவிட்டு நடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக இன்று பிரான்சில் வாழும் ஈழத்தமிழருக்கு அந்த நிலத்தின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே, 1940 அக்டோபர் 17 அன்று, இயற்கையும் கைவரிசை காட்டியது. பள்ளத்தாக்கில் உள்ள லா யாவ் மின்நிலையத்தில் 24 மணி நேரத்தில் 840 மில்லிமீட்டர் மழை பதிவானது. மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. சாலைகளும் பாலங்களும் போயின. கீழே உள்ள லெ தெக் ஊர் பெரும்பாலும் அடித்துச் செல்லப்பட்டது.

இப்படி வரி, படை, அகதிகள், வெள்ளம் என்று அடிமேல் அடி வாங்கிய ஊர் சிகிச்சைத் தலமாக நிலைபெற்றதற்குக் காரணம் ஊற்றின் மகிமை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பாரிசில் எடுக்கப்பட்ட ஒரு முடிவுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப்பின் உருவான சமூகக் காப்பீட்டு அமைப்பு, 1947 முதல் வெந்நீர்ச் சிகிச்சைக்கும் செலவுத்தொகை வழங்கத் தொடங்கியது. அதுவரை செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்த மருத்துவக் குளியல், தொழிலாளிக்கும் ஓய்வூதியருக்கும் உரியதாயிற்று. செல்வர்கள் சூதாட்ட மண்டபமும் இசையரங்கும் உள்ள ஊர்களைத் தேடுவார்கள். மருத்துவரின் சீட்டோடு வருபவருக்கு நோய்க்கேற்ற நீர் இருந்தால் போதும். மலைக்கோடியில் இருக்கும் லா பிரெஸ்டுக்கு வாய்ப்பு வந்தது இதனால்தான். அதே 1947-இல் தொடங்கிய 'சேன் தெர்மால் டு சொலேய்' என்ற குழுமம்தான் இன்று அங்கே சிகிச்சை நிலையத்தை நடத்துகிறது. ஊராட்சியும் பிற்பாடு தன் பெயரோடு லா பிரெஸ்டின் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

ஆகவே கோட்டையும் குளியலும் ஒரே கையால் வந்தவை என்பேன். உப்புக்கு வரி கேட்டு, கலகத்தை அடக்கி, தலைக்குமேல் கோட்டை எழுப்பியதும் அரசு. முந்நூறு ஆண்டுகளுக்குள் மூட்டுவலிக்காரருக்குக் குளியல் செலவைக் கொடுத்து, வாடகை அறைகளையும் ரொட்டிக் கடைகளையும் உயிரோடு வைத்திருப்பதும் அரசு. கம்பளி நெசவும் இரும்பு உலைகளும் கடத்தலும் மறைந்தபின் ஊரின் பிழைப்பு பெரிதும் இதைச் சார்ந்து நிற்கிறது. இந்தச் செலவைக் காப்பீடு ஏற்க வேண்டுமா என்ற விவாதம் பிரான்சில் அவ்வப்போது எழும்போதெல்லாம் இதுபோன்ற சிற்றூர்களே அதிகம் கவலைப்படுகின்றன. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது.

இனி, பயன் உண்டா என்ற கேள்வி. லா பிரெஸ்ட் இரண்டு வகை நோய்களுக்கு ஏற்பு பெற்றது: சிறுநீர்ப்பாதை நோய்களும் மூட்டு, எலும்பு நோய்களும். மீண்டும் மீண்டும் வரும் சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரகக் கல், புரோஸ்டேட் சுரப்பித் தொல்லை ஆகியவற்றுக்கு வருபவர்கள் குளிப்பதோடு ஊற்று நீரை அளவாகக் குடிக்கவும் வேண்டும். சிகிச்சை ஞாயிறு நீங்கலாக மூன்று வாரம், அதாவது 18 நாள் நடக்கும். பிரெஞ்சுக் காப்பீட்டில் உள்ளவர் மருத்துவரிடம் பரிந்துரை பெற்று, முன்கூட்டியே விண்ணப்பித்தால், ஆண்டுக்கு ஒரு சிகிச்சைக்கு, குளியல் கட்டணத்தில் பொதுவாக 65 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். தங்கும் செலவும் பயணச் செலவும் வருமானத்தைப் பொறுத்தவை. பெரும்பாலோர் தாமே ஏற்க வேண்டியிருக்கும்.

மருத்துவச் சான்று எவ்வளவு வலுவானது? முழங்கால் மூட்டுத் தேய்மானம் குறித்துப் பிரான்சின் மூன்று குளியல் தலங்களில் 450-க்கும் மேற்பட்டோரை வைத்து நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், குளியல் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஆறு மாதத்துக்குப் பின்னும் வலி குறைந்ததாக அல்லது நடமாட்டம் மேம்பட்டதாகத் தெரிவித்தார்கள். வழக்கமான சிகிச்சையும் வீட்டு உடற்பயிற்சியும் மட்டும் மேற்கொண்டவர்களில் அது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. லா பிரெஸ்ட் அந்த மூன்று தலங்களில் ஒன்று இல்லை. மேலும் வெந்நீரில் இறங்கியவருக்குத் தாம் இறங்கியது தெரியும் என்பதால், இவ்வகை ஆய்வுகளில் நம்பிக்கையின் பங்கையும் நீரின் பங்கையும் முழுதாகப் பிரிக்க இயலாது. மூட்டுவலிக்கு உதவக்கூடும், மருந்துக்கு மாற்று ஆகாது என்பதே என் மதிப்பீடு. சிறுநீர்த் தொற்று காய்ச்சலோடு இருக்கும்போது குளியலை நம்பி நுண்ணுயிர்க்கொல்லியைத் தள்ளிப்போடுவது ஆபத்து. இதயச் செயலிழப்பு, தீவிரத் தொற்று, சிகிச்சையில் உள்ள புற்றுநோய் ஆகியவை இருப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் போகவே கூடாது.

நோய் எதுவும் இல்லாமல் ஊரைப் பார்க்க மட்டும் போவதாக இருந்தால் என் அறிவுரை வேறு. பிப்ரவரியில் போங்கள். அந்த மாதத்தில்தான் கரடித் திருவிழா. ஆட்டுத்தோல் போர்த்து, உடம்பெல்லாம் எண்ணெயும் கரியும் பூசிய இளைஞர்கள் 'கரடிகளாக' லகார்ட் கோட்டையிலிருந்து புறப்பட்டு, குன்றுச் சரிவில் பாய்ந்து இறங்கி, மதில் வாயில் வழியே ஊருக்குள் புகுந்து, அகப்பட்டவர் முகத்திலெல்லாம் கரியை அப்புகிறார்கள். கடைசியில் வெள்ளுடையும் மாவுப்பூச்சுமாக வரும் 'நாவிதர்கள்' கரடிகளைச் சங்கிலியால் பிடித்து, கோடரியால் மழித்து மனிதராக்குகிறார்கள். குளிர்காலம் முடிவதைக் கொண்டாடும் இந்தச் சடங்கை, அண்டை ஊர்களான ஆர்ல்-சூர்-தெக், சென்-லோரான்-டெ-செர்டான் ஆகியவற்றின் விழாக்களோடும் அந்தோராவின் விழாக்களோடும் சேர்த்து, 2022-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. ஒரு காலத்தில் ஊர்மக்களை மேலிருந்து அச்சுறுத்திய கோட்டையை இன்று அவர்களுடைய பிள்ளைகளே கரடிக்குகையாக்கி, அங்கிருந்து கூச்சலிட்டுக்கொண்டு ஓடி வருகிறார்கள். இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான்.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். லா பிரெஸ்ட் நிலையம் பொதுவாக ஏப்ரல் முதல் நவம்பர் வரைதான் திறந்திருக்கும். கரடி இறங்கும் நாளில் அங்கே குளியல் கிடையாது. இரண்டும் வேண்டும் என்பவர்கள் இருமுறைதான் போக வேண்டும். பெர்பினியானிலிருந்து லெ பூலு, செரெ, அமெலி வழியாக ஏறும் டி115 சாலையில் பேருந்து உண்டு. ஊருக்கு மேலே லா பிரெஸ்டில் தங்கினால் குளியல் அறைக்கு நடந்தே போகலாம், ஆனால் மாலையில் ஆற்றின் ஓசையைத் தவிர வேறு துணை இருக்காது. மூன்று வாரம் தனிமையைத் தாங்க முடியாதவர்கள் மதிலுக்குள் அறை எடுத்துக்கொண்டு தினமும் மேலே போய்வருவதே நல்லது.